தேயிலைப் பெட்டியில் யாருடைய பேர்?

எங்களில் ஒருத்தியின் வீடு டிக்கோயாவில், பழைய லயமொன்றில் இருக்கிறது. அந்த வீட்டு உள்ளறையில், கட்டிலுக்குக் கீழே ஒரு தேயிலைப் பெட்டி கிடக்கிறது. ஒட்டுப்பலகையில் செய்து, ஓரங்களில் தகரப்பட்டி அடித்த பெட்டி. அவளுடைய அப்பாயி இப்போது அதில் கம்பளியும் பழைய துணியும் வைத்திருக்கிறார். போன விடுமுறையில் கம்பஸ் மூடியிருந்த நேரம் நாங்கள் நாலு பேர் அங்கே போயிருந்தோம். மழை விடவேயில்லை, வெளியே போக வழியில்லை. சும்மா இருந்த நாங்கள் பெட்டியை இழுத்துப் போட்டு, போன் வெளிச்சத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தோம்.

ஒரு பக்கத்தில் அச்சுத்தகடு வைத்துப் பூசிய கறுப்பு எழுத்துகள். தோட்டத்தின் பேர், பீ.ஓ.பீ. என்ற தரம், சில இலக்கங்கள், கீழே சிலோன். மறுபக்கத்தில் வெள்ளை பெயின்டால் கையால் எழுதிய தமிழ் எழுத்துகள். பாதி சுரண்டப்பட்டிருந்தது. ஒரு ஆளின் பேர் என்பது மட்டும் விளங்கியது. "இது யாரு பேரு அப்பாயி?" என்று கேட்டோம். "அது பெரிய கத, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறோம். முதலில் அந்தக் கறுப்பு எழுத்துகளைப் பார்ப்போம். பொதி செய்வதும் லேபல் ஒட்டுவதும் ஏதோ வியாபாரப் பாடத்துக்கு உரிய விஷயம், கலைப்பீடக்காரர்களுக்கு அதில் என்ன வேலை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தேடத் தேட, மலையகத்தின் வரலாற்றில் பாதி அந்தப் பெட்டியிலேயே எழுதியிருப்பது போலத் தெரிந்தது.

பெட்டி எதற்கு?

ஸ்டோரில் காய்ச்சல் இயந்திரத்திலிருந்து வெளியே வரும் தேயிலையில் ஏறக்குறைய 3 சதவீத ஈரம்தான் இருக்கும். அப்படிக் காய்ந்த தூள் சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஈரத்தையும் பக்கத்திலுள்ள மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தேத்தூள் டின்னுக்குப் பக்கத்தில் கருவாட்டை வைத்தால் என்னவாகும் என்று எங்கள் அம்மாமாருக்கு நல்லாத் தெரியும். அந்தத் தூள் மலையிலிருந்து இறங்கி, கொழும்பு போய், கப்பலில் வாரக்கணக்கில் கிடந்து லண்டன் சேர வேண்டும். ஆகவே பெட்டி என்பது அலங்காரம் இல்லை. பெட்டி சரியில்லை என்றால் போய்ச் சேருவது தேயிலையே இல்லை.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867ல். இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போன முதல் சிறு பொதி 1873ல், வெறும் 23 இறாத்தல். கோப்பிச் செடியை இலைத் துரு நோய் அழித்த பிறகு டிக்கோயாப் பக்கத்து மலைகளும் தேயிலைக்கு மாறின. 1884ல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு பெட்டி பெட்டியாகக் கீழே இறங்கியது.

அந்தக் காலத்துப் பெட்டி கனமான மரத்தில் செய்தது. உள்ளே ஈயத்தாள் வைத்து, விளிம்புகளைப் பற்றவைத்து மூடினார்கள். மரத்துக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால், பாரம் குறைந்த பெட்டியைத் தேடினார்கள். விடை கிடைத்தது ஒட்டுப்பலகையில். இன்றைய எஸ்தோனியாவின் தாலின் நகரில் இருந்த லூதர் ஆலையின் ஒட்டுப்பலகைப் பெட்டிகளை விற்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதன் பேர் வெனெஸ்டா. மெல்லிய மரத்தகட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையையும் எஸ்தோனியாவின் பேரையும் ஒட்டிச் செய்த பேர். பிறகு ஈயத்தாளின் இடத்துக்கு அலுமினியத் தாள் வந்தது. அப்பாயியின் பெட்டி அந்த வகைதான்.

எழுத்துகள் சொன்னது

கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30ல். ஏலத்தில் வாங்குகிறவர் தோட்டத்தைப் பார்க்கப் போவதில்லை. மாதிரியைச் சுவைத்துப் பார்க்கிறார், பெட்டியின் எழுத்தை நம்புகிறார். அதனால் பெட்டியின் மேல் எழுத ஒரு ஒழுங்கு வந்தது. தோட்டத்தின் விற்பனை முத்திரை, தூளின் தரம், இன்வொய்ஸ் இலக்கம், மொத்த நிறை, வெறும் பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை. பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எஃப்., டஸ்ட் என்பதெல்லாம் பெரும்பாலும் தூளின் அளவைச் சொல்லும் பேர்கள். பீ.ஓ.பீ.யின் நடுவில் வரும் 'ஒரேஞ்' என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த எழுத்துகள் ஒரு வாக்குறுதி மாதிரி. பெட்டியில் பிழை இருந்தால் எந்தத் தோட்டம், எந்த நாள் அரைத்தது என்று திரும்பிப் போய்க் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தப் பாதை ஸ்டோர் வாசலோடு நின்றுவிடும். கொழுந்து எந்த மலையில் இருந்து வந்தது, யார் பறித்தது என்பது செக்ரோலில் இருக்கும், பெட்டியில் இருக்காது.

லிப்டனின் கடதாசி

பெட்டி வியாபாரிக்கு. வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்கு என்ன வந்தது? பிரித்தானியாவில் நெடுங்காலம் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, அள்ளி, நிறுத்துக் கொடுத்தார். கலப்படம் நிறைய. வேறு இலைகளைக் காயவைத்துச் சாயம் பூசிக் கலந்தார்கள். அதற்குப் பதிலாக 1826லேயே ஜோன் ஹோர்னிமன் என்பவர் முத்திரையிட்ட கடதாசிப் பொட்டலத்தில் தேயிலை விற்கத் தொடங்கினார். ஆனாலும் அது உலகம் முழுக்கப் பரவியது தோமஸ் லிப்டன் வந்த பிறகுதான்.

லிப்டன் 1890ல் இலங்கை வந்து, ஹப்புத்தளைப் பக்கம் தம்பதென்ன உட்படத் தோட்டங்கள் வாங்கினார். அவர் செய்த புதுமை பயிரில் இல்லை, பொட்டலத்தில். ஒரு இறாத்தல், அரை, கால் என்று சரியாக நிறுத்த சிறு பக்கட்டுகள். பளிச்சென்ற நிறம். தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்ற விளம்பரம். ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் பொருந்துகிற மாதிரி வெவ்வேறு கலவை என்றும் சொல்லி விற்றார். வாங்குகிறவருக்கு ஏற்றபடி பொதி செய்வது என்று இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் பேசுவதை அந்த மனிதர் அப்போதே செய்துவிட்டார்.

இதனால் வாங்குகிறவருக்கு நன்மைதான். நிறை சரி, கலப்படம் குறைவு, விலையும் குறைவு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பல தோட்டத் தூள்கள் ஒன்றாகக் கலக்கும்போது பெட்டியில் இருந்த தோட்டத்தின் பேர் பக்கட்டில் காணாமற் போனது. அந்த இடத்தில் விற்கிறவரின் பேர் வந்தது. அதோடு ஒரு படமும் வந்தது: சேலை கட்டி, கூடை சுமந்த ஒரு பெண். 130 வருஷமாக உலகத்தின் எத்தனையோ தேயிலை டின்னிலும் பக்கட்டிலும் நிற்கிறாள் அவள். எங்கள் பாட்டிமாரின் முகம்தான். பேர் மட்டும் கிடையாது.

சிலோன் என்ற பேர்

1893ல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சிலோன் தேயிலை பத்து லட்சம் பக்கட் விற்றதாகத் தேயிலை வரலாறுகள் பெருமையாகச் சொல்லும். 1932ல் இந்தப் பேரைப் பரப்புவதற்கென்றே சிலோன் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. 'சிலோன்' ஒரு நாட்டின் பேர் என்பதைத் தாண்டி ஒரு சுவையின் பேராக மாறியது.

இங்கேதான் எங்களுக்கு உறைத்தது. சுதந்திரம் கிடைத்த அதே 1948ல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்கள் சிலோன் பிரஜைகள் இல்லை. அடுத்த வருஷம் வாக்குரிமைக்கும் வழி அடைபட்டது. பக்கட்டில் 'தூய சிலோன் தேயிலை' என்று அச்சாகிக்கொண்டே இருந்தது. கொழுந்து சிலோன், பறித்த கை சிலோன் இல்லை! அந்த லேபலைப் பார்த்து வாங்கிக் குடித்த எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

1972ல் நாடு ஸ்ரீ லங்கா ஆனது. பாஸ்போட்டில், முத்திரையில், காசில் எல்லாம் பேர் மாறியது. தேயிலையில் மட்டும் 'சிலோன்' அப்படியே நின்றது, சந்தையில் அந்தப் பேருக்கு இருந்த மதிப்பால். 1976ல் அமைந்த இலங்கைத் தேயிலைச் சபையிடம்தான் இப்போது சிங்க இலச்சினை இருக்கிறது. நூறு வீதம் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்திருந்தால்தான் ஒரு பக்கட் அந்தச் சிங்கத்தைப் போடலாம். நல்ல விதிதான். மொத்தமாகச் சாக்கில் போகும் தூளை வேறு நாட்டில் மலிவுத் தூளோடு கலந்து 'சிலோன்' என்று விற்பதை அது தடுக்கப் பார்க்கிறது. லாபம் பொதி செய்கிற இடத்தில்தான் தங்குகிறது என்பதை மெரில் பெர்னாண்டோ நல்லா விளங்கிக்கொண்டவர். 1980களில் அவர் தன் இரண்டு மகன்மாரின் பேரைச் சேர்த்து 'டில்மா' என்று, இங்கேயே பொதி செய்த தேயிலையை வெளிநாட்டுக் கடைத் தட்டுகளுக்குக் கொண்டுபோனார். முதலாளியின் பிள்ளைகளுக்குப் பக்கட்டில் இடம் உண்டு!

பிரதேசத்துக்கும் இலச்சினை உண்டு. நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுஸ்ஸல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருஹுண என்று ஏழு. டிக்கோயா அதில் இல்லை. துரைமார் காலத்தில் டிக்கோயா தனித் தோட்ட மாவட்டம்; இன்றைக்கு எங்கள் கொழுந்து 'திம்புள்ள' என்ற பேரில் போகிறது. இன்னொரு இலச்சினை, இலங்கைத் தேயிலை ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்யாதது என்று சொல்கிறது. உண்மைதான், தீங்கான வாயு ஒன்றை இங்கே தேயிலைச் செய்கையிலிருந்து நீக்கினார்கள். வானத்தில் இருக்கிற ஓசோனுக்குக் கூட லேபலில் இடம் கிடைத்திருக்கிறதே என்று நாங்கள் சிரித்தோம்.

பலகைக்குப் போன காடு

பெட்டிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒட்டுப்பலகையை வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே செய்ய வேண்டும் என்று காலி பக்கம் கிந்தோட்டையில் அரசாங்க ஆலை வந்தது. பிறகு ஒட்டுப்பலகைத் தொழிலுக்கு மரம் வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்களை இறக்கினார்கள். மக்கள் எதிர்ப்புக் கிளம்பி 1977ல் அது நின்றது. 1988ல் அதே காடு உலக மரபுரிமைச் சொத்தானது. 'மரப்பெட்டி இயற்கை, பிளாஸ்டிக்தான் கெட்டது' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். எந்தப் பொதியும் எங்கேயோ ஒரு மண்ணிலிருந்துதான் வருகிறது.

பொலித்தீன் காலம்

கொள்கலன் கப்பல்கள் வந்த பிறகு மரப்பெட்டி மெல்ல மெல்லப் போனது. பல அடுக்குக் கடதாசிச் சாக்குகள் வந்தன. உள்ளே ஈரம் புகாத அலுமினியமோ பிளாஸ்டிக்கோ படிந்த தாள். அடுக்க லேசு, பாரம் குறைவு. கடைப் பக்கட்டிலும் அப்படித்தான். வெளியே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம், உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் பை. 3 சதவீத ஈரத்தைக் காப்பாற்ற ஒரு காலத்தில் ஈயமும் பலகையும் செய்த வேலையை இப்போது மயிரளவு தடிப்பில்லாத ஒரு தாள் செய்கிறது. வடிவமைப்பாக இது கெட்டித்தனம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகு. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தாளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும் பாடு. தேயிலைப் பையிலேயே பிளாஸ்டிக் வந்துவிட்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2019ல் செய்த ஆய்வில், ஒரு பிளாஸ்டிக் தேயிலைப் பையை 95 பாகை சூட்டில் போட்டபோது ஏறக்குறைய 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்கள் கோப்பைக்குள் இறங்கின.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. முதல் தரத் தூள் வெள்ளிப் பையில் கப்பலேற, லயத்துக் கடையில் தொங்குவது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பக்கட்டுகள். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டுவதும் பிளாஸ்டிக். பிரம்புக் கூடை போய் நைலோன் சாக்கு வந்துவிட்டது. குப்பை எடுக்க லொறி வராத லயங்களில் இதெல்லாம் ஒன்றில் எரியும், இல்லாவிட்டால் ஓடையில் இறங்கும். ஓடை கெசல்கமு ஓயாவுக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் போகும். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்தால் களனி கங்கை. கொழும்பு குடிக்கிற தண்ணீர் அதுதான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடையாயின. 2021 மார்ச் 31ல் 20 கிராமுக்கு உட்பட்ட சஷே பக்கட்டுகள் தடையாயின. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. இரண்டு மாதம் போகவில்லை, எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, பிளாஸ்டிக் செய்கிற மூலப்பொருள் மணிகள் மேற்குக் கடற்கரை முழுக்கக் கொட்டின. பக்கட் ஆவதற்கு முன்பே அது குப்பையானது.

அப்பாயியின் பெட்டி

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்ட பிறகு அப்பாயி கதையைச் சொன்னார். அந்த வெள்ளை எழுத்து தாத்தாவின் பேர்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974ல் அந்த மிச்சத்தையும் இரண்டு நாடும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பெட்டிகளைப் பங்கு வைப்பது மாதிரியே இருக்கிறது, பாருங்கள்.

அப்பாயியின் தங்கை குடும்பம் 70களில் போய்விட்டது. போகிறவர்கள் ஸ்டோரில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, சட்டி பானை, அம்மிக் குழவி, சாமிப் படம் எல்லாம் அடைத்து, ஆணியடித்து, மேலே பேரையும் போகிற இடத்தையும் எழுதுவார்களாம். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம், அங்கேயிருந்து மண்டபம் முகாம். தங்கை கடைசியில் போய்ச் சேர்ந்தது நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968ல் தொடங்கிய டான்டீ தோட்டத்தில் அவர் மறுபடி கொழுந்தெடுத்தார். கூடை அதே கூடை, லேபல்தான் வேறு.

தாத்தாவும் இந்தியப் பாஸ்போட் எடுத்துவைத்திருந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு போய்விடுவது என்று முடிவெடுத்து, இந்தப் பெட்டியை வாங்கி, பேர் எழுதினார். 1984ல் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. பெட்டி போகவில்லை; அவர்களும் போகவில்லை. அதற்குப் பிறகு இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் ஏறக்குறைய 20 வருஷம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அப்பாயி இந்த நாட்டுப் பிரஜை ஆனார். தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். "பேர ஏன் சொரண்டினீங்க?" என்று கேட்டோம். "போகாத பெட்டியில பேர் எதுக்குன்னு உங்க தாத்தாதான் கத்தியால சொரண்டிக்கிட்டு இருந்தாரு. பாதியில விட்டுட்டாரு" என்றார்.

நாங்கள் பார்த்தவரை, தேயிலைப் பெட்டியில் ஒரு தொழிலாளியின் பேர் எழுதப்பட்டது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அதுவும் அவரை நாட்டை விட்டு அனுப்புவதற்காக.

அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?

இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு பக்கட்டில் பத்துத் தோட்டத்துத் தூள் கலந்திருக்கும், அதில் பறித்த எல்லாருடைய பேரையும் எப்படிப் போடுவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாப் பேரையும் போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இப்போது பக்கட்டுகளில் கியூஆர் குறி வந்துவிட்டது. போனைக் காட்டினால் மலை, மூடுபனி, சிரிக்கிற பெண், தூளின் சுவை எல்லாம் வருகிறது. நிறையை இவ்வளவு துல்லியமாக அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, அதற்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும், லயத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்பதையும் அதே குறிக்குப் பின்னால் வைக்க முடியாதா? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் போராடி 2021ல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரம் எந்தப் பக்கட்டிலும் அச்சாகவில்லை. பெண்ணின் படத்தைப் போடுவதென்றால் அவளிடம் கேட்டு, பேரோடு போடட்டும். இரண்டும் முடியாதென்றால் படமும் வேண்டாம்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் நாட்சம்பளம். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போட்டுவிட்டார்கள் என்பார்கள். கங்காணி காலத்திலிருந்து எங்கள் ஆட்களின் பேர் செக்ரோலில் கழித்து வெட்டுவதற்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2017ல் சிலோன் தேயிலைக்கு 150 வயது என்று கொண்டாடினார்கள். 2023ல் மலையக மக்கள் தங்கள் 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். தேயிலைக்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே வந்த சனம். இதை எந்த லேபலும் சொல்லாது, நாங்கள்தான் எழுத வேண்டும்.

அப்பாயியிடம் கேட்டு அந்தப் பெட்டியின் நாலு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டோம். சுரண்டிய பேரை ஒரு கொப்பியில் முழுதாக எழுதி வாங்கிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் கட்டிலுக்குக் கீழேயோ அட்டாலியிலோ இப்படி ஒரு பெட்டி கிடக்கலாம். விறகாக்கிவிடாதீங்க. முதலில் திருப்பிப் பாருங்கள், மறுபக்கத்தில் யாருடைய பேராவது இருக்கும். இருந்தால் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள்.